ஓடைமேடு ஏரியில் ஜெர்மன் கிருமிகள்

மானுடம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. அந்த வரிசையில் அடுத்த பெரும் நிகழ்ச்சி இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு சித்திரை மாதம், உலக பூமி தினமாகிய ஞாயிற்றுக்கிழமை காலையில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு மேற்கே, ஓடைமேடு ஏரியின் மதகு அருகே நடைபெறவிருக்கிறது என்பதை உலகத்தார் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டியது. அன்றைய தினம் பிளாஸ்டிக் என்னும் அரக்கன் ஒழிகிறான். ஒழிக்கப்போகிறவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஜெர்மன் தொழில்நுட்பத்தில் வளர்ந்தவை. பொதுமக்கள் திரளாக வந்திருந்து அவற்றை வரவேற்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். விழா முடிவில் பிரியாணி உண்டு.

இவ்வளவும் ஒரு லாரி நீளத்துக்கு ஃபிளெக்ஸ் பேனரில் அடித்து ஏரிக்கரையில் கட்டியிருந்தார்கள். பேனரும் பிளாஸ்டிக்தானே என்று யாரும் கேட்கவில்லை. விழாச் செலவை ஏற்றிருந்தது தொழிற்பேட்டையில் இருந்த ஒரு கேரி பேக் கம்பெனி. கவர் செய்கிறவனே கவரை ஒழிக்கவும் காசு கொடுக்கிறான் என்றால் அவன் எப்பேர்ப்பட்ட மனசுக்காரன் என்று பஞ்சாயத்துத் தலைவர் தணிகைவேல் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹயாத் பாஷா பேனரை மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தார். அப்புறம் பேனருக்குப் பின்னால் போய் அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். அவர் சுபாவம் அது. கடைக்காரன் மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுத்தால் எதற்காகச் சரியாகக் கொடுத்தான் என்று யோசிக்கிறவர்.

அந்த வருடம் ஓடைமேடு ஏரியின் மீன் குத்தகை அவர் பேரில் இருந்தது. மழைக்காலத்தில் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விட்டிருந்தார். சித்திரை வெயிலில் ஏரி வற்றி வற்றி, மதகுக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. ஏரியின் மீன் அத்தனையும் அந்தப் பள்ளத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. வலை போட வேண்டியதுதான் பாக்கி. நேரமும் தோதான நேரம். கடலில் மீன்பிடிக்கத் தடை அமலில் இருந்தது. காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. இந்த நாட்களில் ஏரி மீனுக்குக் கிடைக்கிற மரியாதை கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்காது.

இந்த ஒரு அறுவடையில்தான் பாஷாவின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு ஏரியைக் குத்தகை எடுத்திருந்தார். எங்கிருந்தோ ஒரு டேங்கர் லாரி வந்து கழிவைக் கொட்டிவிட்டுப் போனது. மீன் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. டேங்கரை யாரும் பார்க்கவில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்போதே அவர் மனைவி மரியம் பீவி முடிவாகச் சொல்லிவிட்டாள்: இன்னொரு தடவை மீன் மிதந்தால் குத்தகை வியாபாரத்துக்கு முழுக்கு, பழவேற்காட்டில் அவள் அண்ணன் அஸ்கர் அலியின் கருவாட்டுக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். அஸ்கர் அலி நல்ல மனிதர். உதவி செய்வார். செய்த உதவியை ஐந்து வேளைத் தொழுகைக்கு நடுவிலும் மறக்காமல் ஊருக்கு எடுத்துச் சொல்வார். அந்தக் கடையில் அவருக்குக் கீழே உட்கார்ந்து நெத்திலிக் கருவாடு நிறுத்துப் போடுவதைவிட ஏரியில் இறங்கிவிடலாம் என்பது பாஷாவின் எண்ணம்.

எனவே ஏரிக்கரையில் நீல டிரம்களை இறக்கிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்ததும் பேனரை விட்டுவிட்டு அங்கே போனார்.

வண்டிக்காரன் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து ஒரு டிரம்மின் மூடியைத் திருகினார். கூடவே வலைக்காரர் சின்னராசு நின்றார். பல வருடமாகப் பாஷாவின் வலை இழுப்பவர், அவரது சந்தேகங்களுக்கெல்லாம் முதல் சாட்சி.

"இன்னா வாசன வருது, சொல்லு."

சின்னராசு மோந்து பார்த்தார். "புளிச்ச இட்லி மாவு மாதிரி கீது பாய்."

"மாவு வாசன இன்னாத்துக்கு வருது? உள்ள கீற வாசனைய மறைக்கத்தான். கம்பெனி சாக்கடைய டிரம்ல ரொப்பி எடுத்தாந்துகிறானுங்க."

"சாக்கடைய ஊத்துறதுக்கு எவனாவது பிரியாணி போடுவானா பாய்?"

"அதான்டா எனக்கும் சந்தேகம். இன்னாத்துக்குப் போடுறான்?"

பாஷா டிரம்மைத் தட்டிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. அங்கேதான் அவருக்கு அடுத்த சந்தேகம் உதித்தது. பிளாஸ்டிக்கைத் தின்கிற பூச்சியைப் பிளாஸ்டிக் டிரம்மில் அடைத்து வைத்திருக்கிறானே, டிரம்மை ஏன் தின்னவில்லை?

அன்று மாலை பஞ்சாயத்து அலுவலகத்தில் விளக்கக் கூட்டம். கிருமிகளை வளர்த்துக் கொண்டுவந்திருந்த 'ஜீவசுத்தி பயோ' என்கிற கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் டாக்டர் அருணாச்சலம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கிருமி படித்த டாக்டர். உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறவர். இன்னொருவர் விளம்பர அதிகாரி ரம்யா. டாக்டர் உண்மை பக்கம் சாயும்போதெல்லாம் மைக்கை வாங்கிக்கொள்வது அவர் வேலை. பேனரில் இருந்த வாசகங்கள் அவர் எழுதியவை.

பாஷா எழுந்து நின்றார். "டாக்டர் சார், பிளாஸ்டிக்கத் துன்ற பூச்சிய பிளாஸ்டிக் டிரம்லயே வெச்சிகிறீங்களே. அது டிரம்மத் துன்னாதா?"

கூட்டம் டாக்டரைத் திரும்பிப் பார்த்தது. இது நல்ல கேள்வி என்று டாக்டருக்கே பட்டிருக்க வேண்டும். கனைத்துக்கொண்டார்.

"டிரம் கெட்டி. உள்ள வேற சாப்பாடும் போட்டு வெச்சிருக்கோம். அது பாருங்க, கிருமி நம்மள மாதிரிதான். சுலபமா கிடைக்கிறதத்தான் முதல்ல சாப்பிடும். ஏரியில ஒரு சாம்பார் கவர் கிடக்குதுன்னா முதல்ல சாம்பாரத் தின்னும். அப்புறம் பிளாஸ்டிக்லேர்ந்து தண்ணியில கசியுற சின்னச் சின்ன ரசாயனத்தைத் தின்னும். கடைசியாத்தான் கவர். அதுவும் ரொம்ப மெதுவா."

"எவ்ளோ மெதுவா?"

ரம்யா மைக்கை வாங்கினார். "மிக விரைவில்," என்றார்.

கைதட்டல் எழுந்தது. தணிகைவேல்தான் ஆரம்பித்து வைத்தார். பாஷா உட்காரவில்லை.

"சரி சார். சாம்பாரு ஆச்சி, கவரு ஆச்சி. எல்லாம் துன்னு முடிச்சப்புறம் இன்னாத்தத் துன்னும்?"

"கார்பன் எதுல இருக்கோ, அதுல ஏதாவது ஒண்ண வெச்சுப் பிழைச்சுக்கும்."

"மீனுல கார்பன் கீதா?"

டாக்டர் கனைக்க மறந்துவிட்டார். "மீன்லயும் இருக்கு. உங்ககிட்ட இருக்கு. என்கிட்டயும் இருக்கு."

முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் காலை மடக்கிக்கொண்டார். ரம்யா மறுபடியும் மைக்கைப் பிடுங்கி, இது முழுக்க முழுக்கப் பாதுகாப்பான ஜெர்மன் தொழில்நுட்பம் என்றார். பாஷாவின் காதில் ஜெர்மனி மட்டும்தான் விழுந்தது. உள்ளூர்க் கழிவையே தாங்காத மீன், வெளிநாட்டுப் பூச்சியை எப்படித் தாங்கும்?

கூட்டம் முடிந்ததும் தலைவரைத் தனியாகப் பிடித்தார். தணிகைவேல் பரம்பரையாக நெல் விளைவிக்கிற குடும்பம். தலைவரான பிறகு வயலுக்குப் போனாலும் வெள்ளைச் சட்டையில்தான் போவார்.

"தலைவரே, விழாவுக்கு மொத நாளு வலயப் போட்டு மீன எடுத்துக்கிறேன். அப்புறம் நீங்க சிங்கத்தையே கொண்டாந்து ஏரியில உட்டாலும் நான் கேக்கமாட்டேன்."

"இன்னா பாய் நீ. உலகமே நம்ம ஏரியத் திரும்பிப் பாக்கப்போவுது, நீ வல, மீனுன்னு பேசிகினுகீற. வல போட்டா தண்ணி சேறாப் பூடும். வி.ஐ.பி. வராரு பாய். மீனு துள்ளணும், போட்டோவுல உழணும். திங்கக்கெழம நீ எவ்ளோ வேணா வாரிக்கோ. ஒரு நாளுதானே."

"அந்த ஒரு நாளுல பூச்சி மீனத் துன்ட்டா?"

"பூச்சிக்குப் பல்லு கீதா பாய்?" என்று கேட்டுவிட்டுத் தலைவர் வண்டியில் ஏறினார்.

பாஷா வீட்டுக்கு வந்தபோது மரியம் பீவி ராத்திரிச் சமையலில் இருந்தாள். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். கரண்டியைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"நீங்க எதத்தான் நம்பிகிறீங்க? என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப, வெத்தல வைக்கிறதுக்குள்ள, இதே பொண்ணத்தான் குடுப்பீங்களான்னு எங்கப்பாகிட்ட மூணு தபா கேட்டவராச்சே."

"இது அந்த மாதிரி இல்ல மரியம். டாக்டரே சொன்னாரு. மீனுல கார்பன் கீதாம்."

"கீறது கீதுன்னு சொன்னாரு. துன்னும்னு சொன்னாரா?"

"துன்னாதுன்னு சொல்லல பாத்தியா?"

மரியம் பீவி இதற்குப் பதில் தேடவில்லை. இருபது வருட அனுபவம். "எங்கண்ணன் போன வாரம் போன் பண்ணாரு," என்றாள். "கடையில ஆளு பத்தலையாம். நான் ஒண்ணும் சொல்லல. சும்மா சொல்றேன்."

பாஷாவுக்கு அன்றைக்கு இறங்கிய சோறு இரண்டு வாய்தான். கை கழுவிக்கொண்டிருந்தபோது கிணற்றடியில் ஒரு மூலையில் அட்டைப் பெட்டியில் வெள்ளைப் பொடி இருந்தது கண்ணில் பட்டது. போன வருடம் ஊர் முழுக்கச் சிக்குன்குனியா வந்து ஆளாளுக்கு மூட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்தபோது, சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து கிணறு கிணறாகப் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார்கள். மிச்சம் இருந்த பொடி அது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கிருமியைக் கொல்வதற்கென்றே ஒரு பொடி இருக்கிறது. அதை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. ஜெர்மனியில் பிறந்தாலும் கிருமி கிருமிதானே?

"மரியம், இத கெணத்துல போட்டாங்களே, நமக்கு எதுனா ஆச்சா?"

"ரெண்டு நாளு டீயில மருந்து வாசன வந்துச்சி. ஏன்?"

"நம்ம குடிக்கிற தண்ணியிலயே போடுறான். நம்மளக் கொல்லல. கிருமிய மட்டும்தான் கொல்லுது."

"மீனுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"மனுசனுக்கே ஆவல. மீனு மனுசன விட தண்ணியில பழகினது."

இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று மரியம் பீவிக்குத் தோன்றியது. எங்கே என்று தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கியதால் விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை நாஷ்டாவைக்கூட முடிக்காமல் பாஷா பஞ்சாயத்து அலுவலகத்தில் இருந்தார். நம் நாட்டில் பெரிய மனிதர் ஒருவர் ஒரு இடத்துக்கு வருகிறார் என்றால் அந்த இடத்தில் முதலில் செய்யப்படுவது என்ன என்று அவருக்குத் தெரியும். சாலையின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போடப்படும். பள்ளிக்கூடத் திறப்பு விழாவென்றாலும் போடுவார்கள், பாலம் திறந்தாலும் போடுவார்கள், அவர் வந்திருப்பது எழவு விசாரிக்க என்றாலும் போடுவார்கள். கோடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு மரியாதை. கிருமிகளைத் திறந்து வைக்கும் விழாவுக்குப் போடலாமா என்று இதுவரை யாரும் யோசிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

"தலைவரே, நேத்து நான் பேசுனது தப்பு. ஊருக்குப் பெருமையான விசயம். நம்மளும் எதுனா செய்யணும்னு தோணிச்சி. பிளீச்சிங் எவ்ளோ போடப்போறீங்க?"

"வழக்கம்போலத்தான். ரோட்டுக்கு ரெண்டு பக்கம்."

"ரோட்டுக்கு மட்டும் போட்டா எப்பிடி? வி.ஐ.பி. எறங்கி நிக்கப்போறது மதகுப் படிக்கட்டுல. டிரம்ம ஊத்தப்போறது அங்கதானே. அங்க நாத்தம் அடிச்சா நம்ம மானம் போவும். படிக்கட்டு, தண்ணி ஓரம், எல்லா எடமும் போடணும். பத்தலன்னா சொல்லுங்க, பொடிய நான் வாங்கியாரேன். என் செலவு."

தணிகைவேல் அவரையே பார்த்தார். கண் லேசாகக் கலங்கியது. பொதுக் காரியத்துக்குச் சொந்தக் காசு கொடுக்கிற மனிதரை அவர் அதுவரை சந்தித்ததில்லை.

"பாய், உன்ன இன்னாவோ நெனச்சிகினு இருந்தேன்," என்றார்.

சிக்குன்குனியாவுக்கு வந்து மிச்சமான மூட்டைகள் அலுவலகத்துப் பின்னறையில் அடுக்கியிருந்தன. அவை பழசாகி வீரியம் குறைந்திருக்குமோ என்று பாஷாவுக்குச் சந்தேகம். கும்மிடிப்பூண்டி பஜாரில் புது மூட்டைகள் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடைக்காரரிடம் இது அசல் பொடிதானா என்று கேட்டார். அசல்தான் என்றார் கடைக்காரர். ஆட்டோ கிளம்புமுன் ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து மோந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. திருப்தியாக இருந்தது.

ஞாயிறு விடிந்தும் விடியாத நேரத்தில் பஞ்சாயத்து ஆட்கள் மூட்டைகளைப் பிரித்தார்கள். ரோட்டோரம் கோடு விழுந்தது. மதகுப் படிக்கட்டு பனி விழுந்த மாதிரி ஆனது. தலைவர் பாஷாவின் தாராளத்தில் நெகிழ்ந்துபோய், தன் பங்குக்குப் பழைய மூட்டைகளையும் கொட்டச் சொன்னார். படிக்கட்டைக் கழுவித் தள்ளிவிட்டு மறுபடி புதிதாகப் போட்டார்கள். கழுவின தண்ணீர் பள்ளத்துக்குள் போயிற்று. அதுவும் போதாது என்று பாஷாவே சின்னராசுவோடு, வலை போடப் படகாக ஓட்டும் ஃபைபர் தொட்டியில் ஏறி உட்கார்ந்து, டிரம்மை ஊற்றுகிற இடத்தைச் சுற்றி விதை விதைக்கிற மாதிரி கை கையாகத் தூவினார்.

"பாய், மூக்கு எரியுது," என்றார் சின்னராசு.

"நமக்கே எரியுதுன்னா பூச்சிக்கு எப்பிடி எரியும் பாரு."

வேலை முடிந்து கரையேறியபோது பாஷா பல நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தார். கிருமிகள் தண்ணீரில் விழும், விழுந்த கணமே சாகும். விழா நடக்கும். நாளைக்கு வலை போடுவார். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. தன் புத்திசாலித்தனத்தின் மேல் மட்டும் அவருக்கு ஏனோ சந்தேகமே வந்ததில்லை.

பத்து மணிக்கு வர வேண்டிய வி.ஐ.பி. வெயில் உச்சிக்கு வந்தபோது வந்தார். கூட்டம் அதற்குள் பிளாஸ்டிக் கப்பில் மோர் குடித்து, கப்பைக் கரையில் போட்டிருந்தது. காற்று அதை ஏரிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. வி.ஐ.பி. காரை விட்டு இறங்கி வெள்ளைக் கோட்டைப் பார்த்தார், மூச்சை இழுத்தார். "சுகாதாரமா வெச்சிருக்கீங்க," என்றார். தணிகைவேலுக்கு ஜென்மம் கடைத்தேறியது.

டாக்டர் அருணாச்சலம் மட்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். ரம்யாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கேமராக்காரர்கள் வந்துவிட்டார்கள். ரம்யா அவரைச் சிரிக்கச் சொன்னார்.

வி.ஐ.பி. ஒரு எவர்சில்வர் குவளையில் டிரம்மிலிருந்து மொண்டு, மூன்று கேமராக்களுக்கு மூன்று பக்கம் திரும்பி, ஏரியில் ஊற்றினார். மிச்சத்தை ஆட்கள் அப்படியே கவிழ்த்தார்கள். பழுப்புத் தண்ணீர் வெள்ளைத் தண்ணீரில் கலந்தது.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பாஷாவின் தோளைச் சின்னராசு தொட்டார்.

"பாய், மீனு மேல வருது."

"எங்க?"

"பள்ளம் பூரா. வாயத் தொறந்து தொறந்து மூடுது."

"வெயிலு. அதான் மேல வருது."

"வெயிலுக்கு மீனு கீழதான் போவும் பாய். உனக்குத் தெரியாததா?"

பாஷாவுக்குத் தெரியும். எழுந்து பார்த்தார். கட்லாக்கள் தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, தொண்டை அடைத்த பாடகன் மாதிரி வாயைப் பிளந்து கொண்டிருந்தன. ஒன்று துள்ளி எகிறி விழுந்தது. அப்புறம் நான்கைந்து. கரையோரம் ஒரு ரோகு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

தணிகைவேல் மைக்கில் இருந்தார். "பாருங்கள், பெரியோர்களே, வாயில்லா ஜீவன்களாகிய மீன்களே துள்ளிக் குதித்து நம் வி.ஐ.பி. அவர்களை வரவேற்கின்றன," என்றார். கூட்டம் கைதட்டியது. கேமராக்கள் ஏரிப் பக்கம் திரும்பின.

பாஷாவுக்கு முதலில் தோன்றியது ஒன்றே ஒன்று. பூச்சி வேலையைக் காட்டிவிட்டது. ஜெர்மன்காரனின் பூச்சி பிளீச்சிங்குக்கும் அசரவில்லை. மேடையை நோக்கி நடந்தார். இத்தனை பேர், இத்தனை கேமரா. இங்கேயே கேட்டுவிட வேண்டும். என் மீனுக்குப் பதில் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள் என்று வி.ஐ.பி.யின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டால் கம்பெனிக்காரன் காலில் விழுவான். அஸ்கர் அலி டி.வி.யில் பார்ப்பார்.

அவர் மேடைப் படியில் கால் வைத்ததும் தணிகைவேலின் முகம் மலர்ந்தது.

"இதோ, அவரே வந்துவிட்டார். முக்கியமான ஒரு நன்றியை மறந்துவிட்டேன். இன்று நீங்கள் காணும் இந்தச் சுகாதாரம், இந்தப் படிக்கட்டு, தண்ணீரின் உள்ளேயும் வெளியேயும் போட்டிருக்கும் இந்தப் பிளீச்சிங் பவுடர், மூட்டை மூட்டையாக, எல்லாம் நம் ஹயாத் பாஷா பாய் அவர்கள் தம் சொந்தச் செலவில், விடியற்காலையில் தாமே ஏரியில் இறங்கி, தம் கையாலேயே..."

டாக்டர் அருணாச்சலம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

வி.ஐ.பி. பாஷாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். கூட்டம் கைதட்டியது. பின்னால் பள்ளத்தில் மீன்கள் கொத்துக் கொத்தாகத் திரும்பி வெள்ளை வயிற்றைக் காட்டத் தொடங்கின. பொன்னாடையோடு நின்ற பாஷா பேச வாயைத் திறந்தார், மூடினார். மறுபடியும் திறந்தார். சத்தம் எதுவும் வரவில்லை.

வி.ஐ.பி.யின் கார் கிளம்பிய பிறகுதான் சனம் ஏரியைச் சரியாகப் பார்த்தது. பள்ளம் முழுக்க மீன். ஜெர்மன் பூச்சி கடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். சொல்லி முடிப்பதற்குள் பிரியாணிப் பந்தலில் பாதி காலியானது. மீதிப் பாதி பொட்டலத்தை எடுத்துக்கொண்டு காலியானது. டாக்டர் மட்டும் படிக்கட்டில் இறங்கி, தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்துவிட்டு உதறினார். பாஷா பக்கம் திரும்பி ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஏதாவது கேட்டிருக்கலாம் என்று பாஷாவுக்கு இருந்தது.

மருந்து வாசனை அடிக்கிற மீனை வாங்க ஒரு வியாபாரியும் வரவில்லை. சின்னராசுவும் இன்னும் இரண்டு பேரும் மாலை வரை வாரி, கரையிலேயே குழி வெட்டிப் புதைத்தார்கள். மரியம் பீவி வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். வீட்டுக்குப் போனதும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அடுத்த வாரம் பழவேற்காடு போகும் பஸ்ஸுக்காகத் துணிப்பையோடு பாஷா ஏரிக்கரை நிறுத்தத்தில் நின்றபோது, மதகுப் படிக்கட்டில் டாக்டர் அருணாச்சலம் தனியாக உட்கார்ந்து சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பாஷாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. இறங்கிப் போனார்.

"இன்னா சார், மறுபடியும் ஊத்தப்போறீங்களா?"

"ஊத்தறதுக்கு எங்க இருக்கு பாய். எல்லாத்தையும்தான் கொன்னுட்டீங்களே." டாக்டரின் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "மறுபடியும் ஆரம்பத்துலேர்ந்து பிடிச்சு வளர்க்கணும். இங்க கிடைக்கலைன்னா மேல இருக்கிற வாய்க்கால்ல பார்க்கணும்."

"இன்னாத்தப் புடிக்கணும்?"

"கிருமியத்தான். போன தடவையும் இந்த ஏரியிலதான் எடுத்தேன். மழைக்கப்புறம் வந்து, தண்ணியில கிடந்த நாலஞ்சு கவர எடுத்துட்டுப் போனேன். அதுமேல வழவழன்னு ஒரு படலம் இருக்கும். அதுல இருந்த ஜீவன்களத்தான் லேப்ல பெருக்கினோம். ஊர்ல பழகின கிருமிதான் ஊர்த் தண்ணியில பிழைக்கும்."

பாஷா துணிப்பையைப் படியில் வைத்தார்.

"ஜெர்மனின்னு போட்டிருந்தீங்களே."

"குடுவையக் குலுக்குற மெஷின் ஜெர்மனி," என்றார் டாக்டர்.

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. குஞ்சாக விட்ட நாளிலிருந்து அந்த மீன்கள் அந்தக் கிருமிகளோடுதான் வளர்ந்திருந்தன.